செகண்ட் ஹேண்ட் பிங் ஜி425: ஒரு வார்ப்படக்காரன் வாங்கிய அயர்ன் செட்

வாங்கியது பிங் நிறுவனத்தின் ஜி425 என்ற கோல்ஃப் அயர்ன் (உலோகத் தலை மட்டை) செட். 5 முதல் 9 வரை ஐந்து மட்டைகள், குறுந்தூர அடிக்கான பிட்சிங் வெட்ஜ், யு வெட்ஜ், ஆக ஏழு. எஃகு ஷாஃப்ட் (மட்டையின் தண்டு), ரெகுலர் விறைப்பு, சிவப்புப் புள்ளி (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்). ஒருவர் ஆடிக் கழித்த செட். 48,000 ரூபாய் கொடுத்தேன். 2021இல் வந்த மாடல். அதற்குப் பின் ஜி430, ஜி440 என்று இரண்டு தலைமுறை வந்துவிட்டதால்தான் இந்த விலைக்கு இறங்கியது. கோவை செட்டிபாளையம் மைதானத்தில் கோடை வெயில், ஆடிக் காற்று, ஐப்பசி மழை எல்லாவற்றிலும் இதை வைத்து ஆடியாகிவிட்டது. ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்ல ஆட்டக்காரர்) இருபதுக்கு மேல், வயது ஐம்பதை ஒட்டி, உயரம் ஐந்தடி நான்கு அங்குலம்: இப்படிப்பட்ட ஒருவனின் கருத்தாக இதைப் படியுங்கள். ஒற்றை இலக்க ஹேண்டிகேப்காரர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

என் தொழில் வார்ப்படம். பம்ப், வால்வு உதிரிகளை மெழுகு வார்ப்பு முறையில் செய்து தருகிறோம். அதனால் கடையில் மட்டையைக் கையில் எடுத்தால் மற்றவர்கள் பிராண்டைப் பார்ப்பார்கள், நான் வார்ப்பைப் பார்ப்பேன். ஜி425இன் தலை 17-4 ரக எஃகு. அதாவது ஏறத்தாழ 17 விழுக்காடு குரோமியம், 4 விழுக்காடு நிக்கல், கூடவே கொஞ்சம் தாமிரம். வெப்பத்தில் வைத்துக் கெட்டிப்படுத்துவது. எங்கள் பவுண்டரிக் கணக்கில் சிபி7சியு-1 என்று எழுதுவோம். வால்வுத் தண்டுக்கும் இதே உலோகம் கேட்டு வருவார்கள். துரு எளிதில் அண்டாது, கல்லில் பட்டாலும் சீக்கிரம் நசுங்காது. கல்லும் கட்டாந்தரையுமாக இருக்கும் நம் ஊர் ஓரங்களில் ஆடுகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

செய்முறையும் எனக்குப் பழக்கமானதுதான். மெழுகில் உருவம் எடுத்து, மேலே பீங்கான் குழம்பைப் பூசிப் பூசி ஓடாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய எஃகை ஊற்றுவது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருப்பிடித்து, காவிரி வண்டலைப் பூசி ஐம்பொன் ஊற்றுகிறார்களே, அடிப்படை அதேதான். குடைவு, விளிம்பு, உள்வளைவு என்று சிக்கலான வடிவம் வேண்டுமென்றால் இந்த வழியில் சுலபமாகக் கிடைக்கும்.

கோல்ஃப் மட்டையில் அந்த வடிவத்துக்கு வேலை இருக்கிறது. பிங்கை 1959இல் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் நார்வேயில் பிறந்து ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பணியாற்றிய பொறியாளர். பந்தைக் குழிக்கு உருட்டிவிடும் மட்டையான பட்டரின் எடையை நடுவிலிருந்து எடுத்து இரு முனைகளுக்கும் தள்ளினார். இரு புறமும் குடம் தொங்கும் காவடித் தண்டைச் சட்டென்று திருப்ப முடியாது, அல்லவா? அதுதான் சங்கதி. பந்து முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது. தூரமும் திசையும் அவ்வளவாகக் கெடாது. பின்னர் அயர்னுக்கும் அதே யோசனையைக் கொண்டுவந்து, முதுகைக் குடைந்து எடையை விளிம்புக்கு நகர்த்தினார்கள். ஜி425இல் முனைப் பக்கத்திலும் கழுத்துப் பக்கத்திலும் டங்ஸ்டன் எடை வைத்து அதை இன்னும் நீட்டியிருக்கிறார்கள். பிழை பொறுக்கும் மட்டை என்பது இதைத்தான்.

இங்கே என் மைத்துனரோடு எனக்கு நிரந்தர வழக்கு ஒன்று உண்டு. அவர் அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு மட்டைக்காரர். "வார்ப்பு என்றால் கல் மாதிரி இருக்கும் மாப்பிள்ளை, ஃபோர்ஜ்டு வெண்ணெய்" என்பார். பந்து முகத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். கைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது. அந்த நேரத்தில் உலோகத்தின் மணியமைப்பைக் கை எப்படி அறியும்? நமக்குக் கிடைக்கும் உணர்வில் பெரும்பங்கு ஓசைதான் என்று நான் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். பவுண்டரியில் நாங்கள் காதில் செருகும் அடைப்பான் ஒரு ஜோடி கொண்டுபோய் அவர் காதில் வைத்து, கண்ணை நிமிர்த்தித் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லி, மாற்றி மாற்றி இரண்டு மட்டையையும் கையில் கொடுத்தேன். நடுவில் பட்ட அடிகளில் எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஓரத்தில் பட்டவற்றை மட்டும் சரியாகச் சொன்னார். கை எரிந்ததெல்லாம் அவருடைய மட்டை. அதன் பிறகும் அவர் கட்சி மாறவில்லை. மனிதர் அழகுக்காக வாங்கியிருக்கிறார்; அதை ஒப்புக்கொண்டால் நானும் வாயை மூடிக்கொள்வேன். உண்மையில் அவருடைய மட்டைகள் மெலிந்து, வளைந்து, பார்க்க அழகுதான்.

இனி கடை விவகாரம். பெயர் வேண்டாம், ஒரு பெருநகரக் கடை. திரையும் வலையும் வைத்த அறையில் புத்தம்புதிய 7 எண் அயர்னைக் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். "சார், 145 யார்டு! உங்கள் பழைய 7 எண்ணைவிடப் பதினைந்து யார்டு கூடுதல்" என்று விற்பனையாளர் எனக்கு முன்பே சந்தோஷப்பட்டார். லாஃப்ட், அதாவது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், எத்தனை டிகிரி என்று கேட்டேன். கேட்லாக்கைப் புரட்டினார். 27.5 டிகிரி. பிங்கே 1982இல் வெளியிட்டுக் கோடிக்கணக்கான பந்துகளைப் பார்த்த ஐ2 மட்டையின் 7 எண் 35 டிகிரிக்கு மேலே. என் ஜி425இன் 7 எண் 30. அடுத்து வந்த ஜி430இல் 29. முகத்தை நிமிர்த்த நிமிர்த்தப் பந்து தாழ்ந்து நீளமாகப் போகும். அந்தக் காலத்து 5 எண்ணின் அடியில் 7 என்று பொறித்துக் கொடுத்தால் யார்தான் பதினைந்து யார்டு கூடுதலாக அடிக்க மாட்டார்கள்?

இதில் மோசடி இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். எடையைக் கீழேயும் பின்னாலும் இறக்கிவிட்டதால் இன்றைய தலைகள் தாமாகவே பந்தை உயர எழுப்பும். அதை ஈடுகட்டத்தான் லாஃப்டைக் குறைக்கிறார்கள். இருந்தாலும் யார்டை வைத்து மட்டை வாங்காதீர்கள். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் 7 எண் சராசரி, பந்தின் பாதையை அளக்கும் டிராக்மேன் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட கணக்குப்படி, காற்றில் 172 யார்டு. தலையின் வேகம் மணிக்கு 90 மைல். என் வேகம் 74. நடுவில் பட்டால் 130 யார்டு போகும். என்னை மாதிரி வேகக்காரர்கள் கவனிக்க வேண்டியது பந்து எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதை. கோடையில் கிரீன் (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) இறுகிக் கிடக்கும்போது தாழ்வாக வரும் பந்து நிற்காமல் பின்னால் உருண்டு ஓடிவிடும். திரையில் இறங்கு கோணமும் காட்டும். அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள், 45 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது.

லாஃப்ட் குறைவதற்கு இன்னொரு விலையும் கொடுக்க வேண்டும். ஜி425இன் பிட்சிங் வெட்ஜ் 44.5 டிகிரி. பெரும்பாலோர் பையில் இருக்கும், மணல் குழிக்கான சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் பதினொன்றரை டிகிரிப் பள்ளம். எழுபது எண்பது யார்டிலிருந்து கிரீனுக்கு அடிக்கும்போது அந்தப் பள்ளத்தில்தான் விழுவோம். 49.5 டிகிரி யு வெட்ஜ் அதை நிரப்புகிறது. விற்பவர்கள் அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, "அது செட்டில் சேராது சார்" என்பார்கள். அது இல்லாவிட்டால் பேரத்தை விட்டு எழுந்துவிடுங்கள். ஜி430இல் பிட்சிங் வெட்ஜ் 41 டிகிரிக்கு இறங்கிவிட்டது. அங்கே இன்னும் அவசியம்.

சிவப்புப் புள்ளிக்கு வருகிறேன். தரையில் மட்டையை வைக்கும்போது ஷாஃப்டுக்கும் தரைக்கும் இடையே உள்ள சாய்வைப் பிங் 1970களிலிருந்து நிறப் புள்ளியால் குறிக்கிறது. கறுப்பு நடுநிலை. நீலம், பச்சை, வெள்ளை என்று போகப் போகச் செங்குத்து. சிவப்பு, ஆரஞ்சு என்று போனால் தட்டை. உயரம் குறைந்தவர்களுக்குப் பொதுவாகத் தட்டை பொருந்தும். ஆனால் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. நின்றபடி மணிக்கட்டிலிருந்து தரை வரை அளக்க வேண்டும், கடைசியில் அடித்தும் பார்க்க வேண்டும்.

பெங்களூரில், மட்டையை ஆளுக்கேற்ப அளந்து பொருத்தும் ஒரு ஃபிட்டிங் அறையில் நான்காயிரத்துச் சொச்சம் கொடுத்துப் பார்த்தேன். கொடுத்த காசில் ஒரு ரூபாய்கூட வீண் இல்லை. பார்த்தவர் முப்பது வயது இருக்கும் இளைஞர். வாய்ப்பந்தல் எதுவும் இல்லை. மட்டையின் அடியில் ஒரு டேப்பை ஒட்டி, தட்டையான பிளாஸ்டிக் பலகை மேலிருந்து பந்தை அடிக்கச் சொன்னார். பலகையில் உரசிய இடம் டேப்பில் கறுப்பாகப் பதியும். கறுப்புப் புள்ளி மட்டையில் என் தடம், தலையில் ஷாஃப்டை ஒட்டிய குதிப் பக்கமாக ஒதுங்கி விழுந்தது. குதி முதலில் தரையில் இடிக்கிறது, முனை தூக்கி நிற்கிறது என்று பொருள். வலக்கைக்காரனுக்கு அப்படி இருந்தால் முகம் இடப்புறம் திரும்பிப் பந்தும் இடப்புறம் கிளம்பும். லாஃப்ட் கூடக் கூட இந்தக் கோளாறு பெருகும். சிவப்புப் புள்ளித் தலையை மாட்டிக் கொடுத்தார். தடம் நடுவுக்கு வந்தது. "ஸ்விங்கை மாற்றாதீர்கள் சார், இடப்பக்கம் போவதில் பாதி உங்கள் தப்பு இல்லை" என்றார். மீதிப் பாதி பற்றி அவர் பேசவில்லை, நாகரிகம்.

பிறகு சிவப்புப் புள்ளிச் செட்டுக்காகவே காத்திருந்தேன். நடுவில் நீலப் புள்ளி ஒன்று ஐந்தாயிரம் குறைவாக வந்தது. "புள்ளி எல்லாம் விளம்பரம் அண்ணா" என்றார் விற்றவர். அப்படி இல்லை. தவிர, 17-4 எஃகு விறைப்பானது. கார்பன் எஃகு மட்டையை வளைப்பது போல இதை எல்லோரும் வளைத்துவிட முடியாது. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நம்பி வாங்க வேண்டாம்.

எல்லாம் பொருந்தி வந்துவிட்டது, ஸ்விங் மட்டும் தானாகத் திருந்துமா? இந்த மாதிரி மட்டையில் ஒரு சங்கடம் உண்டு. அது பிழையைப் பொறுத்துக்கொள்வதால், பிழை நடந்ததே நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. முகத்தின் ஓரத்தில் பட்ட பந்தும் 120 யார்டு போய் ஃபேர்வேயில், அதாவது புல் வெட்டிய நடுப்பாதையில், உட்கார்ந்தால் யார் கவலைப்படுவார்கள்? மைத்துனரின் மட்டை கையை எரித்துக் கற்றுக்கொடுக்கிறது. என்னுடையது தட்டிக்கொடுத்துக் கெடுக்கிறது. ஆகவே முகத்தில் பந்து எங்கே படுகிறது என்பதை நாமே பார்த்துக்கொள்ள ஒரு வழி வேண்டும்.

பவுண்டரியில் வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க முதலில் சிவப்புச் சாயம் ஊற்றுவோம். துடைத்துவிட்டு மேலே டெவலப்பர் என்ற வெள்ளைப் பொடியை ஸ்ப்ரே அடிப்போம். அந்த டெவலப்பர் டப்பா ஒன்றைக் கோல்ஃப் பையில் போட்டுக்கொண்டேன். சாயம் வேண்டாம், பொடி மட்டும். அரை அடி தள்ளிப் பிடித்து முகத்தில் ஒரு வீச்சு. ஒரு நிமிடத்தில் உலர்ந்து சுண்ணாம்பு பூசிய சுவர் போல நிற்கும். பந்தை அடித்ததும் அதில் பந்தின் குழிகள் அச்சு அசலாக வட்டமாகப் பதியும். எந்தக் கோட்டுக்கு மேல், எந்தக் கோட்டுக்குக் கீழ் என்பதுகூடத் தெரியும். துணியால் துடைத்துவிட்டு அடுத்தது. எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் வெயிலில் கிடக்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். டப்பா கிடைக்காதவர்களுக்குக் கால் பவுடர் ஸ்ப்ரே இதே வேலையைச் செய்யும்.

என் முத்திரைகள் கூட்டமாகக் குதிப் பக்கம் விழுந்தன. நடுவிலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே, கீழிருந்து மூன்றாவது நான்காவது கோட்டில். இன்னும் அரை விரல் போனால் கழுத்தில் பட்டு ஷாங்க் ஆகிவிடும், பந்து வலப்பக்கம் புதருக்குள் பாயும். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: பந்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள். தள்ளி நின்றால் உடம்பு இன்னும் முன்னால் எக்கும். முத்திரை பழைய இடத்துக்கே திரும்பும். மைதானத்தில் பை தூக்கி உதவும் எங்கள் கேடி ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "மட்டை இறங்கும்போது உங்கள் இடுப்பு பந்துப் பக்கம் போகிறதுங்க, கை போக இடம் இல்லீங்க" என்றார். அவ்வளவுதான் நோயறிதல்.

மருந்தும் அவரே கொடுத்தார். ஸ்டாண்டு விரித்த கோல்ஃப் பையை எனக்குப் பின்னால், பிருஷ்டம் லேசாகத் தொடும்படி நிறுத்தினார். மட்டையை மேலே கொண்டுபோகும்போது வலது பக்கம் பையைத் தொட வேண்டும். இறக்கும்போது இடது பக்கம் தொட வேண்டும். பந்து போகும் வரை தொடுகை விடக்கூடாது. முழு வேகத்தில் இது முடியவே முடியாது. பாதி ஸ்விங், பாதி வேகம், பந்து அறுபது யார்டு போனால் போதும் என்று தொடங்க வேண்டும். சில வாரங்களில் வெள்ளைப் பொடியில் முத்திரைகள் மெதுவாக நடுவுக்கு நகர்ந்தன. அந்த நகர்வைக் கண்ணால் பார்ப்பதில் இருக்கும் திருப்தி வீடியோவில் கிடைப்பதில்லை. நான் அடிப்பதை வீடியோவில் பார்த்தால் எனக்குத் தெரிவதெல்லாம் என் தொந்திதான்.

முத்திரை நடுவுக்கு வந்த பிறகும் உயரத்தில் சிக்கல் இருந்தது. சில அடிகள் பந்துக்கு முன்பே மண்ணில் விழுந்தன. அதற்கு ஒரு கைத்துண்டைப் பந்துக்குப் பின்னால் நான்கு அங்குலத்தில் விரித்து, துண்டைத் தொடாமல் பந்தை எடுக்கும் பழைய பயிற்சி. டிவாட், அதாவது மட்டை புல்லைப் பெயர்த்த தடம், எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பந்து இருந்த இடத்தைத் தாண்டி இலக்குப் பக்கமாகத் தொடங்கினால் அயர்ன் சரியாக இறங்குகிறது. இதற்குமேல் ஸ்விங் தத்துவம் எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு விவரம் மட்டும் தலையில் ஏற்றிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: பந்து கிளம்பும் திசையை முக்கியமாகத் தீர்மானிப்பது மட்டையின் முகம் பார்க்கும் திசை; அது வளைவதைத் தீர்மானிப்பது முகத்துக்கும் மட்டை வீசிவரும் பாதைக்கும் இடையிலான வேறுபாடு. வலப்பக்கம் வளைந்து ஸ்லைஸ் ஆகிறதே என்று இடப்பக்கம் குறிவைத்து அடிப்பவர்களுக்கு ஸ்லைஸ் அதிகமாவது ஏன் என்று இதில் விடை இருக்கிறது.

குறைகள். மேலிருந்து பார்த்தால் தலை தடிப்பாகத் தெரியும்; இந்த வகை மட்டைகள் எல்லாமே அப்படித்தான். பந்தை இஷ்டப்படி தாழ்த்தியும் வளைத்தும் ஆட விரும்புகிறவர்களுக்கு இது ஒத்துழைக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் வீசும் காற்று செட்டிபாளையத்தில் சும்மா இருக்காது. எதிர்க்காற்றில் இதன் உயரமான பந்து மேலே ஏறி நின்று, யோசித்துவிட்டு, நேரே கீழே விழும். அப்போது 7 எண்ணுக்குப் பதில் 6 எண்ணை எடுத்து, பிடியை ஓர் அங்குலம் இறக்கி, முக்கால் ஸ்விங்கில் அடித்தால் சமாளிக்கலாம். ஷாஃப்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நீள மட்டைகளில் இலகுவாகவும் குட்டை மட்டைகளில் கனமாகவும் ஏறுவரிசையில் வருகிறது, வெட்ஜில் அந்தக் கனம் கைக்கு இதமாக இருக்கிறது. மூட்டு வலி உள்ளவர்கள் கிராஃபைட் பார்க்கலாம்.

5 எண் அயர்ன் என் வேகத்துக்கு உதவாது. 6 எண்ணைவிட ஐந்து யார்டு கூடப் போவதில்லை, உயரமும் இல்லை. அந்த இடத்தில், பந்தை உயர எழுப்ப எளிதான ஹைப்ரிட் மட்டை ஒன்று வைத்துக்கொண்டேன். விதிப்படி பையில் 14 மட்டை வைக்கலாம் என்பதற்காக 14 வைத்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. புதிதாக ஆடத் தொடங்குகிறவருக்கு எட்டு ஒன்பது தாராளம்.

பழைய செட் வாங்கப் போகிறவர்கள் மூன்று இடங்களைப் பாருங்கள். முகத்தின் கோடுகளில் நகத்தை ஓட்டினால் விளிம்பு தட்டுப்பட வேண்டும். 9 எண்ணிலும் வெட்ஜிலும்தான் முதலில் தேயும். ஷாஃப்ட் தலைக்குள் நுழையும் இடத்தில் துரு இருக்கக் கூடாது. கழுத்தில் சீரியல் எண் பொறித்திருக்கும். ஏழு மட்டையிலும் ஒரே எண்ணா என்று பாருங்கள், அந்த எண்ணைக் கொண்டு முதலில் எந்த அளவில் செய்யப்பட்டது என்பதை நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கிரிப் எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள், நம் ஊர் வியர்வையில் பழைய ரப்பர் வழவழத்துப் போயிருக்கும். மைதானத்தில் ஒருவர் என் 5 எண்ணை மட்டும் விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தாலும் கொடுப்பதாக இல்லை. ஒரே சீரியல் எண்ணில் முழுதாக இருக்கும் செட்டுக்குத்தான் நாளைக்கு விற்கும்போது விலை.